கழுத்துச் சுரப்பிக்குக் காது கேட்காமல் போனால்...

"கெட்டுப்போனது கிட்னி. கழுத்துல எதுக்கும்மா ஆபரேஷன்?"

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர். எலும்பு வலியையும் உடம்பு அரிப்பையும் "டயாலிசிஸ்னா இப்படித்தான்" என்று பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார். இரத்தப் பரிசோதனையில் பாராதைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வானொலியில் நாள் முழுக்கப் பேசும் எனக்கு அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது.

பாராதைராய்டு சுரப்பிகள் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு நான்கு. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும். அளவு சரியானதும் சுரப்பது குறைந்துவிடும்.

சரியாகிவிட்டது என்று சுரப்பிக்கு எப்படித் தெரியும்? அதன் செல்களில் ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்று கால்சியத்தை உணர்வது. 1993ல்தான் ஆய்வாளர்கள் இதை அடையாளம் கண்டார்கள். இன்னொன்று வைட்டமின் டி சொல்வதைக் கேட்பது. சுரப்பிக்குக் காதுகள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிறுநீரகம் பழுதானால் பாஸ்பேட் வெளியேறாமல் தேங்குகிறது. வைட்டமின் டி செயல்படும் வடிவத்திற்கு மாறுவதும் குறைகிறது. கால்சியம் இறங்குகிறது. சுரப்பி ஓய்வில்லாமல் உழைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் அது வீங்கி, முடிச்சு முடிச்சாக வளர்ந்து, ஏற்பிகளையும் இழக்கிறது. அதன் பிறகு "போதும்" என்று சொன்னாலும் அதற்குக் கேட்பதில்லை. எலும்பு பலவீனமாகிறது. இரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்து இதயத்திற்கும் ஆபத்து வருகிறது.

பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரை, செயல்படும் வடிவிலான வைட்டமின் டி, கால்சியம் ஏற்பியைக் கூர்மையாக்கும் சினகால்செட் ஆகியவை இதற்கான மருந்துகள். ஏற்பிகள் போதுமான அளவு இருக்கும்போதுதான் கடைசி இரண்டும் நன்றாக வேலை செய்யும். சுரப்பி கட்டுக்கடங்காமல் போனால் அறுவை சிகிச்சைதான் வழி.

பெரியப்பாவின் பாஸ்பேட் மாத்திரைகளைப் பற்றி மருத்துவர் கேட்டபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வேளை மாத்திரையையும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கியிருக்கிறார்! அந்த மாத்திரை குடலில் உணவோடு கலந்தால்தான் பாஸ்பேட்டைப் பிடிக்கும். நாங்கள் யாரும் ஒருநாள்கூட அவரிடம் கேட்கவில்லை. கோலா, சாசேஜ், நகெட் போன்றவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட், இயற்கை உணவில் இருப்பதைவிட எளிதாக உடலில் சேர்கிறது. பேரப்பிள்ளைகளோடு அதையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காய்ந்து கிடந்த எலும்புகள் கால்சியத்தை வேகமாக உறிஞ்சுவதால் இப்போது கால்சியம் மாத்திரையும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன.

உங்கள் வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் மூன்று அளவுகளைக் கேளுங்கள்: கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன். மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.

பெரியப்பாவின் சட்டைப் பையில் இப்போது ஒரு சின்ன மாத்திரை டப்பா இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கை கழுவி உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் எடுத்து மேசையில் வைக்கிறார்.