கடற்பசுவும் பாக்குக் கடலின் புல்வெளிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களைச் சூழ்ந்த பாக்குக் கடல், பெரும்பகுதியில் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமே உடையதாதலால், சூரிய ஒளி அடித்தளம்வரை எட்டி, அங்கு கடற்புற்கள் பரந்து வளர இடமளிக்கிறது. கடற்புல் பாசி அன்று. வேரும் இலையும் பூவும் கொண்டு, நீருக்கடியிலேயே மகரந்தச் சேர்க்கை நிகழ்த்தும் பூக்கும் தாவரமாகும்.

இப்புல்லையே முதன்மை உணவாகக் கொண்ட கடற்பசு, ஓங்கில் எனப்படும் டொல்பினைப் போல நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டியாயினும், மரபுவழியில் யானைக்கே நெருங்கிய உறவினம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோகிராம் புல் மேயும் இவ்விலங்கு, 70 ஆண்டுகள்வரை வாழக்கூடியதெனினும், ஓராண்டுக்கு மேல் சூல்கொண்டு ஒரு கன்றையே ஈன்று, அடுத்ததை ஈனச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. எனவே, வலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வரவியலாது இறக்கும் ஒவ்வொரு பெண் விலங்கும் ஈடுசெய்தற்கரிய இழப்பாகும். 1741இல் அறிவியலுலகம் அறிந்த, இதன் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு, வேட்டையால் 1768 அளவில் முற்றாக அழிந்தமை இதற்குச் சான்று.

புல்வெளியால் வாழ்வது கடற்பசு மட்டுமன்று. இறாலும் நீலநண்டும் ஓரா மீனும் இளம்பருவத்தில் அங்கேயே ஒதுங்கி வளர்வதால், சிறு கடற்றொழிலாளரின் வலையில் சேரும் வருமானத்துக்கும் அதுவே ஊற்று. அதன் வேர்கள் மணலை இறுகப் பற்றுவதோடு, கரிமத்தையும் சேற்றில் நெடுங்காலம் புதைத்து வைக்கின்றன. அடிமட்ட இழுவைமடியோ, பாரமான பலகைகளாலும் சங்கிலிகளாலும் கடலடியை உழுது புல்லை வேரோடு பிடுங்குவதுடன், கிளப்பும் சேற்றால் எஞ்சிய புல்லுக்குரிய ஒளியையும் மறைக்கிறது.

இலங்கை 2017இல் சட்டத் திருத்தத்தின் மூலம் இம்முறையைத் தடைசெய்தது. தமிழ்நாடு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரங்களில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஒரே கடலை இரு கரைகளிலிருந்தும் காக்கும் இம்முயற்சிகள் பயன்தர, இழுவைமடியை முற்றாகக் கைவிடுவதும், அதனை நம்பியிருப்போருக்கு மாற்றுத்தொழில் அமைத்துக் கொடுப்பதும், உயிருடன் சிக்கும் கடற்பசுவை உடனே விடுவிப்பதும் இன்றியமையாதவை. புல்வெளியைக் காப்பது கடற்றொழிலைக் காப்பதே என்பதை இரு கரையாரும் உணர்ந்து செயற்பட வேண்டும்.