கொள்ளளவக் கழியொலி மாற்றி: ஒரு கருத்தும் அதன் உற்பத்திச் சாதனங்களும்

விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளைத் தனிமனித மேதைமையின் விளைவுகளாக மாத்திரம் காண்பது வேரூன்றிய வழக்கமாகும். கருத்தொன்று தோன்றுவதற்கும் அது பயன்படு பொருளாவதற்கும் இடைப்பட்ட காலத்தை நிர்ணயிப்பது யாது என்ற வினாவை இந்நோக்கு எழுப்புவதில்லை. கொள்ளளவக் கழியொலி மாற்றியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருவதால் அதனை இங்கு நோக்குவோம்.

செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியே கழியொலி. மின்சக்தியை அவ்வொலியாகவும், அவ்வொலியை மீண்டும் மின்சக்தியாகவும் மாற்றும் சாதனம் மாற்றி எனப்படும். கொள்ளளவ வகையில் நிலையான மின்வாய் ஒன்றும், சிறு இடைவெளிக்கு அப்பால் மின்கடத்தும் மெல்லிய சவ்வொன்றும் உள்ளன. மின்னழுத்தம் வழங்கப்படும்போது இவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஈர்ப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதசமமாகவும் இடைவெளியின் வர்க்கத்திற்கு நேர்மாறு விகிதசமமாகவும் அமையும். எனவே ஆடலழுத்தத்தை மட்டும் வழங்கினால் சவ்வு இருமடங்கு மீடிறனில் அதிரும். இதனைத் தவிர்ப்பதற்கு நிலையான அழுத்தமொன்று உடன் சேர்க்கப்படுகின்றது. அது மாற்றியின் உணர்திறனையும் கூட்டும். எனினும் அதற்கோர் எல்லையுண்டு. எளிய சமாந்தரத் தட்டு மாதிரியின்படி, சவ்வு இடைவெளியின் மூன்றிலொரு பங்கைக் கடந்ததும் அதன் மீள்விசை ஈர்ப்புக்கு ஈடுகொடாது. சவ்வு மின்வாயின் மேல் வீழ்ந்துவிடும். இவ்வெல்லையை அணுகியும் அதனைத் தாண்டாதும் இயங்கச் செய்வதே வடிவமைப்பின் முதன்மைப் பிரச்சினையாகும்.

இக்கருத்துப் புதியதன்று. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டறிய முயன்ற போல் லாஞ்சவன், ருஷ்யப் பொறியியலாளரான கொன்ஸ்தந்தின் சிலோவ்ஸ்கியுடன் இணைந்து முதலில் கையாண்டது மைக்காக் கொள்ளளவியையே. பின்னாளில், 1944இல், பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்த லாஞ்சவன், 1917இல் குவாட்சுப் படிகத்திற்கு மாறினார். கொள்ளளவ முறைக்கு மிகவுயர்ந்த மின்புலம் வேண்டியிருந்தது. அதனை இலகுவிற் பெறத்தக்க நுண்ணிடைவெளியை அன்றைய பட்டறைகளால் ஆக்க முடியவில்லை. பின்னர்ப் பல தசாப்தங்கள் படிகங்களும் அவற்றின் வழிவந்த மட்பொருள்களுமே கோலோச்சின. 1978இல் வெளிவந்த போலரொயிட் கமெரா போன்றவற்றிற் காற்றூடகத் தூரமானியாகக் கொள்ளளவ வகை பயன்பட்டது.

பெருமாற்றம் 1990களில் நிகழ்ந்தது. கணினிச் சில்லுகளுக்கென வளர்ந்த சிலிக்கன் நுண்ணாக்க முறையைக் கொண்டு ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தில் ஹாலரும் கூரி-யாக்குப்பும் 1994இல் இம்மாற்றியை ஆக்கிக் காட்டினர். மைக்ரோமீற்றர் அளவிலும் அதனிலும் குறைந்த இடைவெளிகள் இம்முறையாற் கைகூடின. மெல்லிய சவ்வு நீருடனும் உடலிழையத்துடனும் இசைந்து அதிர்வதனால் மீடிறன் வீச்சு அகன்று, துடிப்புக் குறுகி, படிமம் தெளிவுறும்.

இத்தகைய பல்லாயிரம் மாற்றிகள் பதிந்த ஒரே சில்லைக் கொண்ட கையடக்கக் கருவியான பட்டர்ஃபிளை ஐகியூ, 2017இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 2,000 டொலருக்குக் குறைவு. வண்டியில் வைத்துத் தள்ளப்படும் பெருங்கருவிகளின் விலையோடு ஒப்பிடின் இது பாரிய வீழ்ச்சியே. ஆயின் சில்லை ஆக்கும் ஆலைகளோ பெருமூலதனத்தைக் கோருவன. அவை உலகின் சில நாடுகளிலேயே குவிந்துள்ளன. லாஞ்சவனின் கருத்தைக் காத்திருக்க வைத்தவை அன்றைய உற்பத்திச் சாதனங்கள். இன்று சாதனங்கள் உள்ளன. கிராமத்து மகப்பேற்று மனைக்கு இக்கருவி எப்போது வந்துசேரும் என்பதோ அச்சாதனங்கள் எவர் கையில், எந்நோக்கிற்காக இயங்குகின்றன என்பதைப் பொறுத்ததாகும்.