காய்ச்சினாலும் போகாது நைட்ரேட்... கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீரில் கவனம்!

'தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் பயமில்லை' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது கிருமிகளைப் பொறுத்தவரை ரொம்பச் சரி. ஆனால், நைட்ரேட்டிடம் இது பலிக்காது. அது கிருமி அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகும். நைட்ரேட் அப்படியே தங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள 2 லிட்டர் தண்ணீரை, ஒன்றரை லிட்டராகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டால் அது லிட்டருக்கு 53 மில்லிகிராம் ஆகிவிடும். இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் இருக்கலாம் என அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 45 மில்லிகிராம்தான்.

எங்கிருந்து வருகிறது?

வயலில் போடும் யூரியா முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழைநீரோடு நிலத்தடிக்கு இறங்குகிறது. கசியும் செப்டிக் டேங்க், மாட்டுத்தொழுவம், குப்பைமேடு ஆகியவையும் காரணம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழகத்தில் சோதித்த மாதிரிகளில் 37 சதவிகிதத்துக்கும் மேல் இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. பல ஊர்களில் ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவதும் போர்வெல் தண்ணீர்தான். அதில் கலக்கும் குளோரின் கிருமிகளைக் கொல்லும், நைட்ரேட்டை நீக்காது.

குழந்தைக்கு ஏன் ஆபத்து?

உடலுக்குள் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். இதைச் சரிசெய்யும் திறன் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குறைவு. உதடும் விரல் நுனியும் நீலம் பாயும், மூச்சு வாங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை, 1945-ல் மருத்துவர் ஹண்டர் காம்லி முதன்முதலாகப் பதிவு செய்தார். பெரியவர்கள் சாதாரணமாகக் குடிக்கும் தண்ணீரே கைக்குழந்தைக்கு விஷமாகலாம் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

என்ன செய்யலாம்?

* தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பவுடர் பால் தரவேண்டிய நிலை வந்தால், பரிசோதிக்காத போர்வெல், கிணற்றுத் தண்ணீரைத் தவிர்க்கவும்.

* தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். மழைக்காலத்துக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை சோதிப்பது நல்லது.

* சாதாரண வடிகட்டி, புற ஊதாக் கதிர் கருவி ஆகியவற்றால் பயனில்லை. முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. கருவி நைட்ரேட்டைக் குறைக்கும்.

* குழந்தையின் உதடு நீலமானால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். எந்தத் தண்ணீரில் பால் கரைத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லவும்.

ஆனால், எல்லா வீட்டாலும் ஆர்.ஓ. வாங்க முடியாது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பயிற்சி தர ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீரின் நைட்ரேட் அளவு என்ன என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் மாற்றுத் தண்ணீர் கேட்பது ஊர்மக்களின் உரிமை.