மூளையைத் தாக்கும் எதிர்ப்பு சக்தி... முதல் மருந்துக்குக் கேட்கலைன்னா அடுத்து என்ன?

2009-ம் வருஷம். 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழின் நிருபர் சூசன்னா கஹாலனுக்கு வயது 24. திடீரென எல்லார் மேலும் சந்தேகம், தூக்கமின்மை, வலிப்பு. மனநோய், குடிப்பழக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டாக்டர் சுஹேல் நஜ்ஜார் மட்டும் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எல்லா எண்களையும் வட்டத்தின் வலது பக்கமே எழுதி வைத்தார் சூசன்னா. சிக்கல் மூளையில்தான் என்பது அப்போது புரிந்தது.

என்ன நோய் இது?

பெயர், ஆன்டி-என்.எம்.டி.ஏ ரிசப்டார் என்செபலைட்டிஸ். கிருமிகளோடு சண்டை போடவேண்டிய நம் ஆன்டிபாடிகளே, நரம்பு செல்களில் உள்ள என்.எம்.டி.ஏ ரிசப்டார்களைத் தாக்கும். 2007-ல் ஜோசெப் டால்மாவ் குழுவினர் இதை அடையாளம் கண்டார்கள். இளம்பெண்களையும் குழந்தைகளையும்தான் அதிகம் பாதிக்கிறது. முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்து உறுதிசெய்வார்கள்.

முதல் கட்டம்

ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஊசி, ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது... இவைதான் ஆரம்ப சிகிச்சை. சூசன்னா இவற்றிலேயே தேறினார். ஆனா, எல்லாருக்கும் அப்படி இல்லை. 577 நோயாளிகளைக் கண்காணித்து 2013-ல் வெளியான ஆய்வில், முதல் கட்ட சிகிச்சை பெற்றவர்களில் 53% பேருக்குத்தான் 4 வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது.

ஏன் கேட்கலை?

ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் செல்கள் மூளைக்குள்ளேயே குடியேறியிருக்கலாம். ரத்தத்தை மட்டும் சுத்தம் செய்தால் அவை அசையாது. சில பெண்களுக்கு சினைப்பையில் டெரட்டோமா கட்டி ஒளிந்திருந்து நோயைத் தூண்டும். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி இருந்தா, அதை அகற்றுவதே பெரிய சிகிச்சை.

அடுத்த கட்டம்

ஆன்டிபாடி தயாரிப்புக்கு அடிப்படையான பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப், எதிர்ப்பு சக்தியையே அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு. அதே ஆய்வில், முதல் கட்டத்துக்குக் கேட்காதவர்களில் இந்த மருந்துகளைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இதற்கும் மசியலைன்னா டோசிலிசுமாப், போர்ட்டிசோமிப் போன்றவற்றை டாக்டர்கள் முயற்சி செய்கிறார்கள்.

பக்கவிளைவுகளும் உண்டு. தொற்று அபாயம் கூடும். ரிட்டுக்ஸிமாப்புக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை அவசியம். சைக்ளோபாஸ்பமைடு குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம் என்பதால், முன்கூட்டியே டாக்டரிடம் பேசிடுங்க.

குடும்பம் செய்யவேண்டியது

சில நாள்களிலேயே ஒருவரின் பேச்சும் நடத்தையும் தலைகீழாக மாறி, கூடவே வலிப்போ, வாய், கை கால்களில் விநோத அசைவோ வந்தால் 'பேய் பிடிச்சிருக்கு' என்று நாள் கடத்தாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் போங்க. சிகிச்சை தொடங்கியும் முன்னேற்றம் இல்லைன்னா, "அடுத்த கட்டம் எப்போ டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பொறுமையும் வேணும். நினைவாற்றல் திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். ஆனால், அந்த ஆய்வில் 2 வருட முடிவில் 81% பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். முதல் மாதத்தில் கண் திறக்கலையே என்று நம்பிக்கையை விட்டுடாதீங்க.