வேகப் பள்ளிக்கூடம் யாருக்கு?

பந்தய மோட்டார் ஓட்டுவதற்கென்றே பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். இங்கிலாந்தில் 1957இல் ஜிம் ரஸ்ஸல் தொடங்கினார். அமெரிக்காவில் 1968இல் பாப் பாண்டுரண்ட், 1975இல் ஸ்கிப் பார்பர். நம் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உண்டு; அங்கேயும் பயிற்சி தருகிறார்கள். பணம் படைத்தவன் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் தோழர்களே, புதிதாக ஸ்டீயரிங் பிடிக்கும் பிள்ளைகளும் அங்கே போய்க் கற்க வேண்டும், வேகத்தை ஆளத் தெரிந்தவன்தான் விபத்தில் தப்புவான் என்று பேசுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்களே! பட்டறையில் வியர்வை சிந்திச் சேர்த்த காசை, மகன் டிரைவராகிப் பிழைக்கட்டும் என்று அங்கே கட்டலாமா எனக் கேட்கும் தகப்பனுக்கு என்ன பதில்?

அங்கே கற்பிப்பது வெறும் வித்தை என்று நாம் சொல்லவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள். கண்ணை வண்டியின் மூக்கில் வைக்காதே, போகவேண்டிய இடத்தில் வை. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதி. எல்லாம் நல்ல பாடங்கள். ஆபத்து வரும்போது பலர் பிரேக்கைப் பாதிதான் மிதிக்கிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி வேலை செய்யும்போது பெடல் காலடியில் துடிக்கும்; அதற்கே மிரண்டு காலை எடுப்பவனும் உண்டு. ஆளில்லாத இடத்தில் நான்கு முறை மிதித்துப் பார்த்தவன் மிரள மாட்டான். சரி, நான்கு முறை பிரேக் மிதிக்கப் பந்தயத் தடம் எதற்கு?

பரீட்சித்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. நார்வே 1979இல் புது ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தரைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1988இல் வந்த ஆய்வு என்ன கண்டது? வழுக்குச் சாலையில் இளைஞர்களின் விபத்து குறையவில்லை, கூடியது! சுவீடனில் 1996இல் வெளியான இன்னோர் ஆய்வு காரணத்தைக் காட்டிற்று. ஒரு கூட்டத்துக்கு வண்டியை அடக்கும் திறமையைக் கற்பித்தார்கள். மறு கூட்டத்துக்கு, உன் திறமைக்கும் எல்லை உண்டு என்பதை வண்டியிலேயே காட்டினார்கள். பிறகு சோதித்தபோது இரு கூட்டமும் ஓட்டியது ஒன்றுபோலத்தான். ஆனால் முதல் கூட்டம் தன்னைப் பெரிய சூரனாக நினைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1974இல் பந்தய லைசென்சு பெற்றவர்களின் சாலைக் கணக்கைப் புரட்டினார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கே விபத்தும் அதிகம், வேகக் குற்றமும் அதிகம். கை தேர்ந்தவன் கதியே இது; கத்துக்குட்டிக்கு இரண்டு நாள் பாடம் எம்மாத்திரம்?

பந்தயத் தடத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். எதிரே டவுன் பஸ் வராது, மாடு குறுக்கிடாது, பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடிவராது. நம் பையன் ஓட்டப்போவது அங்கேயா?

கணக்கையும் பார்ப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு விநாடி சுதாரித்து, நல்ல காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் அடித்தால் ஏறக்குறைய 20 மீட்டரில் வண்டி நிற்கும். 80இல் போனால் 57 மீட்டர்! எந்தப் பள்ளிக்கூடமும் இந்தக் கணக்கை மாற்றி எழுத முடியாது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேர் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை எழுதியது.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று அறிக்கை சொல்லவில்லை. வாலிபத் திமிர் ஒரு பங்கு, ஒப்புக்கொள்கிறோம். இன்னொரு பங்கு, டிரிப்புக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசும் முதலாளியின் கணக்கில் பிறக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்று எழுதி வைத்தது. இரவெல்லாம் லாரி ஓட்டியவனைக் கேளுங்கள், எட்டோடு எந்த முதலாளி விட்டான் என்று! தூக்கம் கண்ணை இழுக்கும்போது பந்தயப் பாடமா கை கொடுக்கும்?

ஐந்தாறு ஆண்டு ஓட்டிப் பழகியவன், கையில் காசும் இருந்தால், ஒரு நாள் போய்வரட்டும். தவறில்லை. புதியவனுக்கு வேண்டியது வேறு: பக்கத்தில் பொறுமையுள்ள ஆசான், மழையிலும் இரவிலும் சந்தை நெரிசலிலும் ஓட்டிய பழக்கம். கார் பழகச் சட்டம் கேட்பது குறைந்தது 21 நாள், 10 மணி நேர ஓட்டம். இதையாவது முழுசாகக் கொடுக்கிறார்களா? ஓட்டிய மணிக்கணக்கைக் குறிக்க 15ஆம் எண் படிவம் என்று ஒரு பதிவேடு உண்டு. மாணவனும் அதில் கையெழுத்திட வேண்டும். பணம் கட்டும் தகப்பன் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். ஓட்டாத மணிக்கு மகன் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.