டிவிடி முகப்புப் பட்டியலில் அடுக்குகளும் தமிழெழுத்தும்: 'பென்னலூர்' என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

களஆய்வில் திரட்டிய ஒலி, ஒளிப்பதிவுகளை டிவிடி வட்டில் தொகுக்கும்போது, அவ்வட்டின் முகப்புப் பட்டியல் நூலின் பொருளடக்கத்திற்கு நிகரான பணியைச் செய்கிறது. இப்பட்டியல் பின்னணிப் படம், மேற்படம், பொத்தான் எல்லை என்னும் மூன்று அடுக்குகளால் ஆனது. எழுத்தைப் பின்னணி அடுக்கிலும், தெரிவைக் காட்டும் குறியை மட்டும் மேற்பட அடுக்கிலும் அமைப்பதே தமிழுக்கு ஏற்ற முறை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அடுக்குகள் பிரிந்த நிலையிலுள்ள மூலக்கோப்பைப் பாதுகாக்க வேண்டியதன் தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: டிவிடி வட்டு, முகப்புப் பட்டியல், அடுக்கு, மேற்படம், புள்ளி, ஒருங்குறி, ஆவணப் பாதுகாப்பு

முன்னுரை

டிவிடி வட்டு 1996ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தமிழகத்தில் குறுந்தகடு என்றும் இலங்கையில் இறுவட்டு என்றும் வழங்கும் வட்டுகளின் வரிசையில் அது இடம்பெற்றது. திரைப்படங்களுக்கு மட்டுமன்றி, நாட்டார் பாடல், கூத்து, வாய்மொழி வரலாறு ஆகியவற்றின் பதிவுகளுக்கும் அது கொள்கலமாயிற்று. வட்டினைத் திறப்பவர் முதலில் காண்பது அதன் முகப்புப் பட்டியலையே. எந்தப் பாடல் எந்த ஊரில் பதியப்பட்டது என்னும் செய்தி, பல வேளைகளில் அப்பட்டியலைத் தவிர வேறெங்கும் இராது. ஆகவே பட்டியலில் ஓர் எழுத்து சிதைந்தால் தரவின் அடையாளமே சிதைகிறது.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி அமைந்த ஊர் பென்னலூர். ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த இவ்வட்டாரம், 1990களின் பிற்பகுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என வாகனத் தொழிற்சாலைகளின் வட்டாரமாக மாறியது. இத்தகைய நிலப்பகுதியின் ஏரிப் பெயர்களையும் களப்பாடல்களையும் இடப்பெயர்க் கதைகளையும் ஓர் ஆய்வாளர் வட்டில் தொகுப்பதாகக் கொள்வோம். அவ்வட்டின் பட்டியலில் 'பென்னலூர்' என்பது ஒரு பொத்தான். அடுக்குகளைக் கையாள்வதில் தமிழுக்கு எழும் முதன்மைச் சிக்கல்கள் அனைத்தும் இந்த ஒரு பெயரிலேயே அமைந்துள்ளன.

அடுக்கு என்னும் சொல்லின் இரு பொருள்

வட்டுத் தொழில்நுட்பத்தில் 'அடுக்கு' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. முதலாவது, தரவு பதியப்படும் பருப்பொருள் அடுக்கு. ஒருபக்க ஓரடுக்கு வட்டு 4.7 ஜி.பி. அளவும், ஈரடுக்கு வட்டு 8.5 ஜி.பி. அளவும் கொள்ளும். இரண்டாவது, பட்டியலை வரையும்போது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும் பட அடுக்கு. இக்கட்டுரை இரண்டாவது பொருளையே கருதுகிறது.

பட்டியலின் மூன்று அடுக்குகள்

அடியில் இருப்பது பின்னணிப் படம். இது எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட நிலைப்படமாகவோ அசையும் படமாகவோ இருக்கும். இந்தியா பின்பற்றிய 'பால்' தொலைக்காட்சி முறையில் இதன் அளவு 720×576 பிக்சல். இவ்வடுக்கில் முழு வண்ணங்களும் நுண்ணிய நிறச்சாயல்களும் இயலும்.

அதன்மேல் அமைவது மேற்படம். இதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 2 பிட்டுகளே உண்டு. ஆதலால் நான்கு மதிப்புகளே இயலும். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் ஒளி ஊடுருவும் வெற்றிடமாக விடப்படுவதால், எஞ்சுவன மூன்று. ஒவ்வொரு மதிப்பிற்கும் 16 வண்ணங்கள் கொண்ட தட்டிலிருந்து ஒரு வண்ணமும், 16 படிநிலைகளில் ஓர் ஊடுருவல் அளவும் ஒதுக்கப்படும். பயனர் தொலையியக்கியால் ஒரு பொத்தானை நெருங்கும்போதும் அதனை அழுத்தும்போதும் இயக்கக்கருவி இவ்வண்ணங்களை மாற்றிக் காட்டுகிறது.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத பொத்தான் எல்லை. இது செவ்வக வடிவினது. ஒரு பட்டியலில் 36 பொத்தான்கள் வரை அமைக்கலாம். அகலத்திரைப் பட்டியலில் இவ்வெண்ணிக்கை குறையும். செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது.

அடோபி நிறுவனத்தின் என்கோர் மென்பொருள், ஃபோட்டோஷாப் கோப்பின் அடுக்குப் பெயர்களைக் கொண்டே இம்மூன்றையும் இனங்கண்டது. பெயரின் முன் (+) எனக் குறித்த அடுக்குத் தொகுதி பொத்தானாகும். அதனுள் (=1), (=2), (=3) எனக் குறித்த அடுக்குகள் மேற்படத்தின் மூன்று வண்ணங்களாகும். இக்குறிகள் இல்லாத அடுக்குகள் பின்னணியில் கலந்துவிடும்.

எழுத்தின் விளிம்பும் புள்ளியும்

கணினித் திரையில் வளைவான எழுத்து மென்மையாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் விளிம்பில் இடம்பெறும் இடைநிறச் சாயல்கள். மேற்படத்தில் இச்சாயல்களுக்கு இடமில்லை. 'ன', 'ல' போன்ற வளைவும் சுழியும் மிகுந்த எழுத்துகளை அவ்வடுக்கில் வரைந்தால் விளிம்புகள் படிக்கட்டுப் போல உடைந்து நிற்கும். பின்னணியில் மென்விளிம்புடன் எழுதிய எழுத்தின்மேல் அதே வடிவிலான மேற்படத்தைப் பொருத்தினாலும், இரு விளிம்புகளும் முற்றும் பொருந்தாமல் எழுத்தைச் சுற்றி வெளிறிய கரை தோன்றும்.

புள்ளியின் நிலை இன்னும் நுட்பமானது. 'பென்னலூர்' என்பதில் னகர மெய்க்கும் ரகர மெய்க்கும் புள்ளி உண்டு. எழுத்துச் சிறிதாயின் புள்ளிக்கு ஓரிரு பிக்சல் உயரமே கிடைக்கும். பழைய தொலைக்காட்சி, படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறிக் காட்டுவது. நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒரு பிக்சல் உயரமுள்ள புள்ளி ஓர் அரைப்படத்தில் மட்டுமே இடம்பெறுவதால் துடித்துத் துடித்துத் தெரியும். புள்ளி மறைந்தால் ரகர மெய் காலாகவும் படிக்கப்படலாம். ஆங்கில எழுத்தில் 'ஐ' என்பதன் மேற்புள்ளி மறைந்தாலும் சொல் மாறுவதில்லை. தமிழில் புள்ளி இருப்பின் மெய், இல்லையேல் உயிர்மெய்; 'கல்' என்பதும் 'கல' என்பதும் வேறு வேறு சொற்கள்.

இவற்றிலிருந்து பின்வரும் நெறி பெறப்படுகிறது. ஊர்ப்பெயர் முழுவதும் பின்னணி அடுக்கில், தடித்த எழுத்துருவில், புள்ளிக்குக் குறைந்தது மூன்று நான்கு பிக்சல் உயரம் கிடைக்கும் அளவில் அமைதல் வேண்டும். தெரிவைக் காட்ட, பெயருக்கு இடப்புறம் ஒரு சிறு சதுரமோ முக்கோணமோ மேற்படத்தில் போதும். ஆங்கிலப் பட்டியல்களில் வழங்கும் அடிக்கோடு தமிழுக்கு அத்துணைப் பொருந்தாது. 'மு', 'ழ', 'ஞ' முதலியன அடிவரியைத் தாண்டிக் கீழிறங்குவதால் கோட்டுடன் மோதும். பொத்தான் செவ்வகம் மேலே புள்ளியையும் கீழே இறங்கும் உறுப்பையும் உள்ளடக்க வேண்டும் என்பதால், வரிகளுக்கிடையே ஆங்கிலத்திற்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் தேவை.

எழுத்தின் வண்ணமும் கருதத்தக்கது. எம்பெக்-2 முறை ஒளிச்செறிவை முழுமையாகவும், நிறத்தைக் கிடையிலும் நெடுக்கிலும் பாதியாகக் குறைத்தும் சேமிக்கிறது. ஒளிச்செறிவில் அதிக வேறுபாடில்லாத சிவப்பெழுத்தும் நீலப் பின்னணியும் சேர்ந்தால் எழுத்து மங்கும். கருநிறப் பின்னணியில் வெளிர் எழுத்து பாதுகாப்பானது.

எழுத்தே நிறம் மாற வேண்டுமெனில் வேறொரு வழி உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் டிவிடி ஸ்டுடியோ புரோ, பொத்தானின் ஒவ்வொரு நிலைக்கும் தனி அடுக்கைப் பயன்படுத்தும் பட்டியல் முறையையும் அளித்தது. அதில் நிலைதோறும் முழுப் படமே மாறுவதால் எழுத்தின் மென்மை காக்கப்படும். ஆயின் பொத்தான் மாறுதல் தாமதப்படும்; அசையும் பின்னணி இயலாது.

குறியேற்றமும் அடுக்கும்

ஒருங்குறியில் 'பெ' என்பது பகரத்தை முதலிலும் ஒற்றைக்கொம்பைப் பின்னரும் கொண்டு சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்வர வேண்டும். 'லூ' என்பதில் லகரமும் ஊகாரக் குறியும் இணைந்து ஒரே வடிவாக வேண்டும். இவ்வாறு கோக்கும் திறனற்ற பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு இடம் மாறியும் ஊகாரக் குறி தனித்தும் நின்றன. எனவே வடிவமைப்பாளர்கள், தமிழக அரசு 1999இல் ஏற்ற டாப், டாம் குறியேற்றங்களையோ, இலங்கையில் பரவிய பாமினி போன்ற எழுத்துருக்களையோ நாடினர். அவற்றில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டதால் வடிவம் சரியாக அமைந்தது.

இத்தீர்வு பிறிதொரு சிக்கலை விட்டுச் சென்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மூலக்கோப்பைத் திறந்து எழுத்துருவை மாற்றினால், 'பென்னலூர்' என்பது பொருளற்ற குறிகளின் வரிசையாகிவிடும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பின்னரும், அதற்கு முன் உருவான கோப்புகள் அந்நிலையிலேயே உள்ளன.

மூலக்கோப்பைப் பேணுதல்

இலக்கண மரபில் அடுக்குத்தொடர் பிரித்தாலும் பொருள் தரும்; இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது. வடிவமைப்பாளரின் மூலக்கோப்பு முன்னதைப் போன்றது: எழுத்தடுக்கைத் தனியே எடுத்துத் திருத்தலாம். எரித்து முடித்த வட்டின் பின்னணிப் படம் பின்னதைப் போன்றது: எழுத்தும் படமும் ஒன்றாகிவிட்டதால் 'பென்னலுர்' எனத் தவறாக விழுந்த பெயரைக்கூட எழுத்தளவில் திருத்த இயலாது, படத்தையே மீண்டும் உருவாக்க வேண்டும்.

டிவிடி ஸ்டுடியோ புரோவின் விற்பனை 2011இல் முடிந்தது. என்கோர் 2012இல் வெளிவந்த சிஎஸ்6 தொகுப்போடு நின்றது. டிவிடி ஸ்டைலர் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் கிடைப்பினும், அவை என்கோர் திட்டக்கோப்புகளைத் திறப்பதில்லை. ஆதலின் வட்டுத் தொகுப்பு வைத்திருக்கும் துறைகள் மூன்றைச் சேர்த்துப் பேணுதல் நன்று: அடுக்குகள் பிரிந்த படக்கோப்பு, அதில் பயன்பட்ட எழுத்துரு, பட்டியலின் முழு வாசகமும் ஒருங்குறியில் அமைந்த எளிய உரைக்கோப்பு. முதலிரண்டும் அழியினும், மூன்றாவது எப்பதிவு எவ்வூருடையது என்பதைச் சொல்லும்.

முடிவுரை

வட்டுப் பட்டியலின் மேற்பட அடுக்கு, வண்ண எண்ணிக்கையில் மிகக் குறுகியது; தமிழெழுத்தின் வளைவையும் புள்ளியையும் தாங்கவல்லதன்று. எழுத்துப் பின்னணியிலும், தெரிவுக்குறி மேற்படத்திலும் நிற்பதே தகும். இப்பங்கீடு அழகு பற்றியது மட்டுமன்று. மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்தும் எழுத்திலக்கணம் திரையிலும் நிலைபெறுவது பற்றியது. தொழிற்சாலைகள் சூழ்ந்த நிலத்தில் பழைய ஏரிப் பெயர்களும் ஊர்ப்பெயர்க் கதைகளும் பதிவுகளாக மட்டும் எஞ்சும் நிலை வரின், அப்பதிவுகளை இனங்காட்டும் பெயர்கள் பிழையின்றி நிற்றல் ஆய்வின் அடிப்படைத் தேவையாகும்.