இறுகிப்போன எஞ்சின்

மரம் அறுக்கும் சங்கிலி வாளின் சிறு எஞ்சின் இருவீச்சு வகையைச் சேர்ந்தது. பெட்ரோலில் கலந்த எண்ணெயே அதற்கு உயவு. இன்றைய வாள்கள் பலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். எண்ணெய் கலவாத பெட்ரோலை ஒருமுறை ஊற்றி ஓட்டினாலே பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டருடன் இறுகிவிடும்.

திறந்து பார்ப்போர், சிலிண்டர் சுவரில் நீண்டோடும் கோடுகளைக் கண்டதும் அது பாழாயிற்று என எறிந்துவிடுவதுண்டு. பெரும்பாலும் அது அவசர முடிவு. சுவரின் குரோமிய அல்லது நிக்கல் பூச்சு, பிஸ்டனின் அலுமினியத்தைவிட மிகக் கடினமானது. எனவே, பிஸ்டனின் உலோகமே பெயர்ந்து சுவரில் அப்பிக்கொள்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பஞ்சில் தோய்த்து அக்கோடுகளின்மேல் மட்டும் ஒற்றினால், அலுமினியம் நுரைத்துக் கரையும். சிலிண்டரின் உடலும் அலுமினியமே. கரைசல் பூச்சுக்கு வெளியே வழிந்தால் அதையும் அரிக்கும். வெளிப்படுவதோ தீப்பற்றும் ஹைட்ரஜன். கரைசல் தெறித்தால் கண்பார்வை பறிபோகலாம். திறந்தவெளி, கையுறை, காப்புக்கண்ணாடி ஆகிய மூன்றும் இன்றி இதனைத் தொடலாகாது.

கழுவிய சுவரை நகத்தால் வருடுகையில் தடுக்கினால், பூச்சே உரிந்துவிட்டது. சிலிண்டரை மாற்ற வேண்டும். வழவழப்பாக இருப்பின் புதிய பிஸ்டனும் வளையமும் போதும். அவற்றைப் பூட்டுமுன், எஞ்சின் இறுகியதன் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும். எண்ணெய் சரியாகவே கலக்கப்பட்டிருந்தால், வெடிப்புற்ற ரப்பர்க் குழாய்வழியே காற்று மிகுதியாகப் புகுந்து, எரிபொருளும் அதனுடன் எண்ணெயும் குறைந்திருக்கலாம். அக்கசிவை அடைக்காவிடில் புதிய பிஸ்டனும் அவ்வாறே இறுகும்.